டி.எஸ்.எச். முப்பத்தெட்டு

கவுண்டரில் நீட்டிய தைராய்டு ரிப்போர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் பாய்ந்தான் சைமன்ராஜ். பெண்டாட்டி வருவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

டி.எஸ்.எச். முப்பத்தெட்டு.

அப்பாடா! நாலரைக்குள் இறங்கியிருந்தால் டாக்டர் 'ஃபிட்' என்று எழுதிவிடுவார். திங்கட்கிழமையே முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மைன்ஸுக்கு கான்ட்ராக்ட் பஸ்ஸை எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நினைத்தாலே உள்ளங்கை வேர்த்தது.

"ஒளிஞ்சிகினு படிக்க அது என்ன, பரீட்சை ரிசல்ட்டா?" மரியபுஷ்பம் ரிப்போர்ட்டை வெடுக்கென்று பறித்தாள். "கர்த்தரே! மாத்திரை போட்டும் இறங்கலையா? வாங்க, டாக்டரம்மாவையே கேட்டுடலாம்."

டாக்டர் திலகவதி ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"டோஸைக் கூட்டிடுங்கம்மா," என்றாள் மரியபுஷ்பம். "நூறு பவர் பத்தலை போல."

"இதை நம்பிக் கூட்டினா இவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும்." டாக்டரின் பேனா அடுத்த வரியில் நின்றது. "டி-ஃபோர் நார்மல். அதுதான் மாத்திரையில இருக்கிற ஹார்மோன். பத்து நாள் ஒழுங்கா போட்டாலே ரத்தத்துல ஏறிடும். டி.எஸ்.எச். அப்படியில்ல. அது மூளையில இருந்து வர்ற உத்தரவு. ஹார்மோன் வந்தாச்சுன்னு அது நம்பவே ஆறு வாரம் ஆகும். மாத்திரை எழுதி மூணு மாசம் ஆச்சு. எத்தனை நாளா போடறீங்க, சைமன்ராஜ்?"

எதிரே டாக்டர். வாசலை அடைத்துக்கொண்டு அடுத்த டோக்கன்காரர்கள். பக்கத்தில் அவள்.

"பத்து நாளா நான்தான் கூட நின்னு குடுக்கறேன்," என்றாள் மரியபுஷ்பம். குரல் இறங்கிப்போயிருந்தது. "அதுக்கு முன்ன அவரே போட்டுக்கினாரு... போட்டீங்கதானே?"

"வாஷ்பேசின்ல போட்டேன்."

"ஏங்க?" அவள் வெடித்தாள். "உங்க பஸ்ஸுல வந்து ஒரு கால் போயி என் தம்பி ரெஜின் கட்டில்ல கெடக்கறான். அவனையும் நாமதான பாக்கணும்? அன்னிக்கு குள்ளஞ்சாவடி ரோட்டுல மாடு குறுக்க ஓடியாந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களை யாராவது ஒரு வார்த்தை சொன்னோமா?"

அதுதான் கொன்றது. யாருமே சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காலில்லாத ரெஜினே அவன் கையைப் பிடித்து, "வுடுங்க மாமா" என்றான்.

"பயம் சகஜம்தான்," என்றார் டாக்டர். "விபத்துக்கு அப்புறம் எடுத்த டெஸ்டுலதான் உங்களுக்குத் தைராய்டு கம்மின்னே தெரிஞ்சுது. மாத்திரையை ஒழுங்கா போட்டா இந்த அசதி, கண்ணைச் சொருகுற தூக்கம் எல்லாம் போயிடும். அப்புறம் தாராளமா பஸ் ஓட்டலாம். இந்தத் தூக்கம் எப்பலேருந்து இருக்கு?"

மரியபுஷ்பம் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"மாடு எதுவும் வரலை, புஷ்பம்," என்றான் சைமன்ராஜ். "நான் தூங்கிட்டேன்."