குழாய்க்கு எழுதிய வாழ்த்து மடல்

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீருக்குக் காது கேட்கும். அதனால் யாரும் அதைக் குறை சொல்வதில்லை. 'தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே' என்பது மற்ற ஊர்களில் பழமொழி. எங்கள் ஊரில் குடிநீர் இணைப்பு விதிகளில் நான்காவது விதி. பழித்தால் அந்த வீட்டில் தண்ணீர் நின்றுவிடும். பழித்தவர் எந்த வீட்டில் போய்த் தங்கினாலும் அங்கேயும் ஓராண்டுக்கு வராது. மேலத் தெரு ஜவுளிக்கடைக்காரர் ஒருமுறை வாய் கொப்பளித்துவிட்டு 'சீ' என்றார். பற்பசையைத்தான் சொன்னேன் என்று எவ்வளவோ மன்றாடினார். அந்த வருடம் அவரை ஒரு கல்யாணத்துக்கும் யாரும் அழைக்கவில்லை.

அதற்காகத் தண்ணீரில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. ஊருக்குக் குழாய் பதித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே புகார்களைப் புகழ்ச்சியாக எழுதிக் கொடுக்க வேண்டும். குடிநீர் அலுவலகத்தில் படித்துப் புரிந்துகொள்வார்கள். துரு கலந்து வந்தால், 'அன்னை மஞ்சள் பட்டுடுத்தி எழுந்தருளினாள்.' புழு வந்தால், 'பரிவாரங்களோடு வந்தாள்.' சொட்டுச் சொட்டாக வந்தால், 'நாணம் மிகுந்தவள்.' சாக்கடை கலந்துவிட்டால், 'ஏழை பணக்காரர் என்று பாராமல் எல்லார் வீட்டையும் தழுவி வந்தாள்.' படித்தவுடன் மண்வெட்டியோடு நான்கு பேர் கிளம்பிவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் எழுதிக் கொடுப்பவன் நான்தான். என் பெயர் மதியழகன். மதியும் உண்டு, அழகும் உண்டு, பெயரில். தொழில், கல்யாணங்களுக்கு வாழ்த்து மடல் எழுதுவது. கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ஒருவர் உரக்கப் படித்து, மணமக்கள் கையில் கொடுப்பார்களே, அதுதான். வேலை வெட்டி இல்லாத மாப்பிள்ளையை 'எதிலும் கட்டுப்படாத சுதந்திரச் சிந்தனையாளர்' என்றும், வாயாடிப் பெண்ணை 'நாவில் கலைமகள் நடமாடுபவர்' என்றும் இருபத்தெட்டு வருடமாக எழுதிவருகிறேன். ஒரு மாப்பிள்ளைகூட நான் எழுதியதுபோல இருந்ததில்லை. தண்ணீர் மட்டும் எப்படி இருக்கும் என்ற தெம்பில் இந்த வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் குழாயில் மின்சாரம் வரத் தொடங்கியது.

என் மனைவி குணவதிதான் முதலில் கண்டுபிடித்தாள். காலை ஐந்து நாற்பதுக்குத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டுக் குழாயைத் திறக்கப் போனவள், அம்மாடி என்று பின்னால் வந்து விழுந்தாள். ஒயர்மேன் வந்து பார்த்தார். எங்கள் தெருவில் எல்லாம் பழைய வீடுகள். எல்லா வீட்டு எர்த் ஒயரும் தண்ணீர்க் குழாயில்தான் சுற்றியிருக்கிறது.

"உங்க வீட்டுக் கரண்டு இல்லண்ணே இது. எந்த வீட்டுதோ. உங்க வீட்டுக்கு விருந்தாடி வருது" என்றார்.

"நிறுத்த முடியாதா?"

"கரண்டு எங்களுது. அது வர்ற பாதை தண்ணியோடதுல்ல? அலுவலக உத்தரவு இல்லாம குழாயில கைவெச்சா அது தண்ணியை அவமதிச்ச மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னது சரிதான். குழாயைத் திறக்காமல் விட்டுவிடவும் முடியாது. வந்த தண்ணீரைப் பிடிக்காமல் இருப்பதும் பழிப்பதில்தான் சேரும். ஆகவே குணவதி தினமும் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, சைக்கிள் டியூப் சுற்றிய கரண்டிக் காம்பால் குழாயைத் திறக்கப் பழகிக்கொண்டாள். உள்ளங்கையால் தொட்டால் கை இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம். டியூப்பையும் மீறித் தண்ணீர் வழியாகக் கொஞ்சம் கடிக்கும். நாங்கள் இருவர் மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம்.

எங்கள் மகள் சுகந்திக்கு அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பன்னிரண்டு நாளில் தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். குணவதி அந்தக் குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். குழந்தையின் எடை இரண்டு கிலோ அறுநூறு. எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் முதன்முறையாக என் வீட்டுக்காகப் பேனாவை எடுத்தேன்.

பயத்தில் உவமை எதுவும் வரவில்லை. 'குழாயைத் தொட்டதும் மெய் சிலிர்க்கிறது. உடல் முழுவதும் ஆடுகிறது. தொட்ட கையை எடுக்க முடியவில்லை' என்று மூன்றே வரி எழுதிக் கொடுத்தேன்.

இங்கேதான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிகையாக எழுதியிருந்தால் புகார். மிகை இல்லாமல் எழுதியிருந்தால் உண்மையான பாராட்டு. என் மூன்று வரியில் சல்லடை போட்டுத் தேடியும் மிகை அகப்படவில்லை. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எனக்குச் சட்டம் போட்டு ஒரு நற்சான்றிதழ் வந்தது. அதிலிருந்த வாசகம் நானே இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புடவைக்கடை முதலாளி மகனுக்காக எழுதியது.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஐந்தரைக்கே வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவராக உள்ளே வந்து குழாயைத் தொட்டு, உடல் ஆட, 'அம்மா' என்று வாய்விட்டுக் கூவி, நிறைவாகத் திரும்பிப் போனார்கள். மூட்டுவலி போனதாக ஒருவர் சொன்னார். இன்னொருவருக்கு முன்பல் போனது. யாரோ குழாய்க்கு மஞ்சள் துணி சுற்றிவிட்டார்கள். துணி நனைந்ததும் மின்சாரம் நன்றாகவே வந்தது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேன் வந்தது.

நாள் போய்க்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் மதியம் ஆளில்லாத நேரம் பார்த்து நான் குழாயடிக்குப் போனேன். தண்ணீரைப் பழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பழித்தால் நின்றுவிடும், குழந்தை பிழைத்துக்கொள்ளும். நான் ஒரு வருடம் எந்த வீட்டுக்கும் போகாமல் பேருந்து நிலையத்தில் இருந்துகொள்ளலாம். பேத்தியை வாரம் ஒருமுறை அங்கே தூக்கிவந்து காட்டச் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

குழாயின் முன் நின்று தொண்டையைச் செருமினேன். 'ஏ, நாற்றம் பிடித்த...' என்று ஆரம்பிக்க நினைத்தேன். 'நறுமணம் கமழும் நாயகியே' என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றேன். 'பொற்றாமரையே' என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் என் வாயில் வசவு என்ற ஒன்றே மிச்சமில்லாமல் தீர்ந்துபோயிருந்தது. முக்கால் மணிநேரம் போராடியதில் பதினாறு வரியில் ஒரு வாழ்த்துப்பா முடிந்துவிட்டது. அதில் எதுகை நன்றாக அமைந்திருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

குணவதி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கள்லாம் ஒரு ஆளா?" என்று ஆரம்பித்தாள். "இருபத்தெட்டு வருசமாப் பாக்குறேன், ஒருநாளாச்சும் தெளிவா இருந்ததுண்டா? எப்பப் பாரு கலங்கல்! துருப்பிடிச்சுப் போச்சு எல்லாம்! வேணுங்குற நேரத்துக்கு வர்றதில்ல, வந்தா ஒரு பிரயோசனமில்ல. பச்சப்புள்ள வரப்போவுது, அதுக்காச்சும் உதவுவீங்கன்னு பாத்தா, ச்சீ, இதெல்லாம் ஒரு பொழப்பு!"

குழாய்க்குள் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மறுநாள் காலை எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

பதினோரு மணிக்குக் குடிநீர் அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் எழிலரசி வந்தார். கூடவே குழாய் ரிப்பேர் செய்யும் சிலுவைராஜ் பையோடு வந்து வாசலில் நின்றுகொண்டார். எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார்.

"நேத்து மத்தியானம் இங்க வசவு கேட்டதாத் தண்ணி சொல்லுது. யாரு, யாரைத் திட்டுனது?"

"நான் தண்ணியை ஒண்ணும் சொல்லலைங்க மேடம்" என்றாள் குணவதி. "எங்க வீட்டுக்காரரைத்தான் திட்டுனேன்."

"அப்ப தண்ணி தப்பா நின்னுருக்கு. நாளைக் காலைல திறந்துவிட்டுடுறோம்."

மறுநாள்தான் சுகந்தி வருகிறாள். குணவதி என்னைப் பார்த்தாள். தண்ணீரைத்தான் திட்டினேன் என்று மாற்றிச் சொன்னால், அவள் இருக்கும் வீட்டில் ஓராண்டுக்குச் சொட்டு வராது. பேத்தி பக்கத்தில் அவள் இருக்கவே முடியாது. என்னைத்தான் என்றால், நாளைக் காலை தண்ணீர் வரும், மின்சாரமும் வரும். அவள் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்தேன்.

"மேடம், அவள் திட்டியது இருவரையும்தான். தண்ணீரும் நானும் வேறல்ல."

மடல்களில் நான் வழக்கமாக முடிக்கும் வரி அது. 'நீரும் நிலமும் போல, மணமக்களும் வேறல்லர்' என்று வரும். எழிலரசி பேனாவை மூடவில்லை. குணவதி பக்கம் திரும்பினார்.

"இவரு சொல்றது உண்மையாம்மா? எந்தப் பாத்திரத்துல ஊத்துனாலும் அந்த வடிவத்துக்கு மாறிடுவாரா?"

"மாறிடுவாருங்க. எங்கம்மா வீட்டுல ஒரு பேச்சு, அவங்கக்கா வீட்டுல ஒரு பேச்சு."

"நேரத்துக்கு வருவாரா?"

"வந்ததே இல்லைங்க."

"வரும்போது?"

"மொதல்ல கொஞ்ச நேரம் வெறும் காத்துதான் வரும். அப்புறமாத்தான் விசயம் வரும்."

"கலங்கல் உண்டா?"

குணவதி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "காலைல கொஞ்சம் இருக்கும். தெளிய விட்டா நல்லாருக்கும்" என்றாள்.

எழிலரசி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எதிலும் மிகை இல்லை என்று ஓரத்தில் குறித்தார். திட்டியது தண்ணீரைத்தான்; ஆனால் அது அவளுக்குக் கணவனாகவும் இருப்பதால் வீட்டுச் சண்டையில் சேரும், அதற்கு நான்காவது விதி பொருந்தாது என்றார். பிறகு ஏழாவது விதியைப் படித்தார். ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்புதான். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருப்பதால் பழைய இரும்புக் குழாயை உடனே துண்டிக்க வேண்டும்.

சிலுவைராஜ் கையுறை மாட்டிக்கொண்டு தெருமுனையில் குழாயை அறுத்தார். உள்ளே சுண்டுவிரல் நுழைய இடமில்லாமல் துரு அடைத்திருந்தது. இத்தனை வருடமாக இதன் வழியாக வந்ததைத்தான் குடித்தோம். இதைத்தான் நான் பட்டு, பரிவாரம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. குழாயடிச் சுவரில் இருந்த குழாயையும் மஞ்சள் துணியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்ட சிலுவைராஜ், என் பக்கம் வந்து, தோளிலிருந்து விரல்நுனி வரை டேப்பை வைத்து அளந்தார்.

"அரை இஞ்சு போதும்ணே. வயசாயிருச்சுல்ல, ரொம்ப அழுத்தம் குடுக்க வேணாம்" என்றார்.

மறுநாள் சுகந்தி வந்தாள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துக்கொண்டோம். அன்று முழுவதும் குழந்தை தூங்கியது. அடுத்த நாள் காலை நான் ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி, ஐந்து ஐம்பதுக்குக் குழாயடிக்கு வந்து சேர்ந்தேன். எதிர்வீட்டு சகாயமேரி டீச்சர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "நாணம் மிகுந்தவர்" என்றார். நாளையிலிருந்து சீக்கிரம் எழுந்துகொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய குழாய் இருந்த இடத்தில், சுவரை ஒட்டி நின்றேன். குணவதி சில்வர் டம்ளர் ஒன்றை நீட்டினாள். அரை டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீ என்று சொல்லவில்லை. பிறகு புறங்கையால் என் மணிக்கட்டை மெல்லத் தொட்டாள். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஷாக் இல்ல. குழந்தையைக் கொண்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை வாங்கிக் காலில் குப்புறப் போட்டுக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். முதலில் கொஞ்ச நேரம் காற்று வந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு இளஞ்சூடாக வந்தேன்.