யாரும் பிரியாத பாட்டு

என் கணவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து அடுத்த வாரம், நான் வேலை பார்க்கும் ஓட்டுநர் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு வரவேற்பு விருந்து. மதியச் சாப்பாடு, அதன் பிறகு கரோக்கி; திரையில் வரிகளைப் பார்த்து ஆளுக்கொரு பாட்டுப் பாட வேண்டும்.

"நீங்க வரணும்னு கட்டாயம் இல்லம்மா" என்றார் மேலாளர் உஷிகோமே. முன்பெல்லாம் கரோக்கிக்கு வராதவர்களை அவர் ஒரு வாரம் முறைப்பார்.

வருகிறேன் என்றேன்.

வேலைக்குத் திரும்பியதிலிருந்து யாரும் என்னிடம் சாதாரணமாகப் பேசவில்லை. நான் உள்ளே நுழைந்தால் வானொலியைக் குறைத்தார்கள். ஒரே காரை ஒரே நேரத்துக்கு இரண்டு மாணவர்களுக்குப் பதிவு செய்துவிட்டேன். கார் கண்ணாடியில் விரல் தடம் இருந்தாலே கத்துகிற ஆசிரியர் நாகாயே, "பரவால்ல, பரவால்ல" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வாயில் சோறு இருந்தால் விழுங்கினேன். அந்த வணக்கம் மட்டும் வேண்டாம் என்று இருந்தது. வேறெதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தோன்றவில்லை.

எல்லோர் முன்னாலும் எழுந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டால் போதும், பழையபடி பேசுவார்கள் என்று நினைத்தேன்.

நான் பாடுகிறவள் இல்லை. சிகுசாவைக் கூப்பிட்டேன். என் கணவரின் தங்கை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் தனியாகப் போய்ப் பாடிவிட்டு வீடு திரும்புகிற பழக்கம் உண்டு. ஞாயிறு காலை ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள கரோக்கிக் கடையில் சின்ன அறை எடுத்தோம். மெலன் சோடா இரண்டு வந்தது.

"அண்ணி, உச்சத்துக்குப் போற பாட்டு வேணாம். வேகமும் வேணாம். ஆரம்பத்துல வாத்தியம் நீளமா வந்தா மைக்கப் புடிச்சிக்கிட்டு மரம் மாதிரி நிக்கணும், அதுவும் வேணாம்."

பாட்டுத் தேர்ந்தெடுக்கிற டேப்லெட்டில் 'பெண்கள் எளிதாகப் பாட' என்றே ஒரு பகுதி இருந்தது. அவள் முதல் பாட்டைத் தொட்டாள். நான் பாடினேன். மூன்றாவது வரியில் ஒருவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான். சிகுசா நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

அடுத்ததில் பூ உதிர்ந்தது. நிறுத்தினாள். அதற்கடுத்ததில் கைபேசியில் அழிக்க மனம் வராத ஒருவன் எண்.

"எல்லாப் பாட்டுலயும் எவனோ ஒருத்தன் போயிக்கிட்டே இருக்கான்" என்றாள்.

"கஷ்டமான பாட்டுல?"

"அதுல கூடவே இருப்பானுங்க. ஆனா உங்க தொண்டைக்கு எட்டாது."

நான் சோடாவைக் குடித்தேன். இனிப்பாக இருந்திருக்க வேண்டும்.

"இது பரவால்ல. மழை பெய்யுது, குடை வாங்கறா."

"அப்புறம்?"

"குடை வாங்கிட்டு... இருங்க." வரிகளை விரலால் மேலே தள்ளினாள். "போச்சு. ரெண்டாவது சரணத்துல அவனுக்கு ரயில் வந்துருச்சு."

"சந்தோஷப் பாட்டு ஏதாவது போடு."

"புருஷன் போய் ரெண்டு மாசம் ஆகல, குதிச்சுக் குதிச்சுப் பாடினான்னு பேசுவாங்க. பரவாயில்லயா?"

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரைச்சீலையைத் துவைக்கிறாள். காயப் போடுகிறாள். திரும்ப மாட்டுகிறாள்.

"இதுல ஆம்பளையே இல்ல அண்ணி."

"இத யார் கேப்பா?"

"யாரும் கேக்கல. அதான் இவ்ளோ கீழ கிடக்கு."

சுருதியை இரண்டு கட்டை இறக்கினாள். அப்போதும் ஓர் இடத்தில் எனக்கு எட்டவில்லை. "அந்த எடத்துல பாடாதீங்க. சிரிச்சிருங்க" என்றாள். சிரித்துப் பழகினேன்.

நான்கைந்து முறை பாடிய பிறகு சிகுசா கேட்டாள்: "எனக்கு இன்னும் ஒண்ணும் வரல அண்ணி. அழுகையத்தான் சொல்றேன். உங்களுக்கு?"

"இல்ல."

"சரி. இன்னொரு தடவ பாடுங்க."

மறுநாள் விருந்தில் எனக்கு முன்னால் இருந்த வறுத்த இறாலை யாரோ ஓடு உரித்து வைத்தார்கள். பிறகு எல்லோரும் கரோக்கிக்கு நடந்தோம். பெரிய அறை. சுவர் முழுக்க மீன் படங்கள். ஊலாங் தேநீரும் பீரும் வந்தன.

புது ஆசிரியர் சொனே முதலில் பாடினார். கார்ட்டூன் பாட்டு. அடுத்து நாகாயே கறிக்குழம்பைப் பற்றி ஒன்று பாடினார். அவர் வழக்கமாகக் காதலித்து ஏமாந்த பாட்டுகளைத்தான் பாடுவார், சட்டை நனையும்வரை. பிறகு மேலாளர் எழுந்து, கேரட்டையும் முள்ளங்கியையும் எண்ணுகிற குழந்தைப் பாட்டைப் பாடினார். அறுபது வயது. முள்ளங்கி ஒன்பதில் முடிந்தது. கைதட்டினோம்.

கணக்கு எழுதும் மிகுரியா அக்கா என் பக்கத்தில் இருந்தார். டேப்லெட் அவர் கையில். ஒரு பாட்டைத் திறந்து வரிகளை விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். தலையை ஆட்டிவிட்டு மூடினார். இன்னொன்றைத் திறந்தார். அதையும் மூடினார்.

அப்போதுதான் புரிந்தது. ஞாயிறன்று சிகுசாவும் நானும் செய்ததைத்தான் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. திரைச்சீலைப் பாட்டைப் பாடினேன். தாளம் தட்ட மேசைமேல் வைத்திருந்த டாம்பரினை யாரும் தொடவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பிரார்த்தனையில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாத இடம் வந்தது. சிரித்தேன். மிகுரியா அக்கா கைக்குட்டையை எடுத்தார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. நான் உட்கார்ந்த பிறகுதான் நின்றது.

"ரொம்ப நல்லாப் பாடினீங்கம்மா" என்றார் மேலாளர்.

நான் நன்றாகப் பாடவில்லை. முன்பென்றால் கட்டைக்குரல் என்று அவரே சொல்லியிருப்பார்.

அதன் பிறகு யாரும் எந்தப் பாட்டும் போடவில்லை. திரையில் விளம்பரம் ஓடியது. உருளைக்கிழங்கு வறுவலை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார்கள்.

மேலாளருக்கென்று ஒரு பாட்டு உண்டு. துறைமுகம், படகுத்துறையில் ஒரு மனைவி, திரும்பி வராத கப்பல். எங்கள் பள்ளியில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள், அது அவருடையது. எல்லா விருந்திலும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். நீளமான பாட்டு. அது தொடங்கினால் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போவார்கள். முதலில் போவது நாகாயே.

டேப்லெட்டை வாங்கி அந்தப் பாட்டைப் போட்டேன். திரையின் மேல் மூலையில் பாட்டின் பெயர் வந்தது.

"ஐயோ, உங்க கை தவறிப் பட்டுருச்சு போல அக்கா" என்று நாகாயே எட்டி நிறுத்தினார்.

மறுபடி போட்டேன். மிகுரியா அக்கா நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை போட்டுவிட்டு டேப்லெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"சார், உங்க பாட்டு."

"இல்லம்மா, அதுல வந்து..."

"தெரியும். கப்பல் வராது."

"வேற ஏதாவது பாடறேனே."

"முள்ளங்கி எண்ணினது போதும் சார்."

சொனேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் மைக்கை எடுத்தார். வாத்தியம் நீளமாக ஒலித்தது. அவர் நின்றார். கண்ணை மூடினார்.

நான் டாம்பரினை எடுத்தேன்.

படகுத்துறையில் அந்தப் பெண் நின்றாள். கடலில் விளக்கு தெரிந்தது, அது வேறு கப்பல். மிகுரியா அக்கா அழுதார். எனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தேன். நடக்கவில்லை. மேலாளரின் கழுத்துப்பட்டையில் சாஸ் பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்.

நாகாயே வழக்கப்படி எழுந்தார். என்னைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

"போயிட்டு வாங்க, நாகாயே சார்" என்றேன். "இன்னும் ரெண்டு சரணம் இருக்கு."

அவர் கழுத்து சிவந்தது.

"போறேன்" என்றார். "நீங்க மொதல்ல தாளத்த ஒழுங்காப் போடுங்க அக்கா. பாட்டு ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க. காது வலிக்குது."

மிகுரியா அக்கா அவர் தொடையில் ஓங்கி அடித்தார். நாகாயே எழுந்து கதவருகே போய், அங்கிருந்து பயத்துடன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வணங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் தட்டினேன். தாளம் மறுபடி தப்பியது.

"அக்கா!" என்று பழையபடி கத்தினார்.