கத்திரி வெயிலில் ஹீட்டர்

பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது தேவகியின் வேலை. அவள் கணவன் காசிநாதன் நெசவாளி. பெரிய காஞ்சிபுரத்தில் பதினாறு வருஷம் ஒரே ஸ்கூட்டரில் குடித்தனம் நடத்திவிட்டு, இந்தச் சித்திரையில்தான் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார்கள். எட்டு வருஷம் ஓடிய கார். விற்றவன் ஜெயக்குமார், காசிநாதனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ஏனாத்தூரில் இருக்கிறான், ஒரு காலேஜில் வேலை. அவன் புதுக் கார் எடுத்ததும், "பழசை வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலைடா" என்று நண்பனிடமே தள்ளிவிட்டிருந்தான்.

அந்தச் சொல்லில் தேவகி உருகிப்போனாள். காசிநாதனுக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே பயம். ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள்தான். பத்து நாள் கோயிலைச் சுற்றி ஓட்டிப் பழகியவள், முதல் வெளியூர்ப் பயணத்துக்கு ஜெயக்குமாரையும் அவன் மனைவி மஹாலட்சுமியையும் போனில் அழைத்தாள். திருப்புட்குழிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

"ஞாயித்துக்கெழம வேலை இருக்குதே தங்கச்சி."

"என்னா வேலை? படுத்துக்கினு டிவி பாக்குறதா?" என்றது பின்னாலிருந்து மஹாலட்சுமியின் குரல். "நாங்க வர்றோம் தேவகி!"

"அப்போ எங்க புதுக் கார்லயே போலாம்மா."

"அதெப்படிண்ணா? நீங்க குடுத்த கார். மொத சவாரி உங்களோடதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் கொளுத்தியது. ஜெயக்குமார் தன் புதுக் காரைத் தேவகி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, வலியப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தான். தேவகி ஏசியைப் போட்டாள். அவன் உடனே அணைத்தான்.

"இயற்கைக் காத்துக்கு ஈடாவுமாம்மா?"

ஊரைத் தாண்டி ஹைவேயில் ஏறியதும் லாரிகள் உரசுவதுபோலக் கடந்துபோயின. அவற்றைப் பார்க்கவே தேவகிக்கு இரண்டு கண் போதவில்லை. ஜெயக்குமாரோ சாலையையே பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எதையோ எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில், "எளநி குடிக்கலாம்" என்றான். குடித்தார்கள். அவன் மட்டும் இரண்டு குடித்தான். வழுக்கையையும் நிதானமாகச் சுரண்டித் தின்றான். மறுபடி கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, டீ வேண்டும் என்றான். டீக்கடையில் அரை மணி நேரம் பேப்பர் படித்தான்.

"நடை சாத்திடுவாங்கடா குமாரு" என்று காசிநாதன் அவனைக் கிளப்பினான்.

கார் மீண்டும் வேகம் பிடித்தபோது ஜெயக்குமாரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. திடீரென்று கையை நீட்டி ஒரு குமிழைச் சிவப்புப் பக்கம் திருகினான். காற்றுத் துவாரங்களிலிருந்து அனல் பாய்ந்து வந்தது.

"ஐயோ, என்னாண்ணா இது?"

"ஹீட்டரும்மா. ஒடம்புக்கு நல்லது."

"கத்திரி வெயில்லயா?" என்று அலறினான் காசிநாதன்.

மஹாலட்சுமி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவனுக்குப் பரிந்து பேசினாள். "திட்டாதீங்க. எனக்கோசரம்தான் போடுறாரு. எனக்கு சைனஸ் இருக்குதாம். இந்தக் கார்ல போனப்பெல்லாம் நாலு மாசமா ஹீட்டர் போட்டுக்கினுதான் போவோம்."

தேவகி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாள். அப்போதுதான் ஜெயக்குமார் எதைப் பார்க்கிறான் என்பது தெரிந்தது. சூடு காட்டும் முள், சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் நூலளவே இருந்தது.

"நிறுத்தும்மா!" என்று கத்தினான் அவன். "ஹீட்டர் போட்டாலும் எறங்கல. நிறுத்து, இஞ்சின் போயிடும்!"

ஓரம் கட்டினாள். பானெட்டின் இடுக்குகளிலிருந்து இட்லிப் பானையைத் திறந்ததுபோல ஆவி எழுந்தது. நால்வரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள்.

"அண்ணா, ஹீட்டர் போட்டா இஞ்சின் சூடு கொறையுமா?"

"கொஞ்சம் கொறையும்மா."

"இஞ்சின் சூடாவும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அவன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தான். மஹாலட்சுமிதான் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ எனக்கு சைனஸ் இல்லியா?"

பக்கத்திலிருந்த பட்டறையிலிருந்து வீரபாகு என்ற மெக்கானிக் பைக்கில் வந்தார். வெகுநேரம் ஆறவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் தாராளமாக ஊற்றிய காபி நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. தண்ணிய தடுக்குற ஹெட் கேஸ்கெட் போயி பல மாசம் ஆயிருக்கும். ஒழுகுறது தெரியாம இருக்க ரேடியேட்டர்ல மருந்து வேற ஊத்தியிருக்காங்க. இஞ்சினையே பிரிக்கணும்மா. யாருகிட்ட வாங்கினீங்க?"

 காசிநாதன் ஒருமுறை ஜெயக்குமாரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். திட்டியிருந்தால்கூட ஜெயக்குமார் தாங்கியிருப்பான் போல. அவன் தலை குனிந்தான்.

மஹாலட்சுமி கணவன்முன் கையை நீட்டினாள். "புதுக் கார் சாவி."

"எதுக்கு?"

"இது சரியாவுற வரைக்கும் அது தேவகிகிட்ட இருக்கட்டும். நீ காலேஜ் வேலைக்கு பஸ்ல போ. இத்தைச் சரிபண்ற செலவும் உன்னுதுதான்."

சாவி கைமாறியது. காரை வேறொரு வண்டியில் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் வீரபாகு. எல்லோரும் ஜெயக்குமாரைப் பார்த்தார்கள். அவன் பேசாமல் ஏறி உட்கார்ந்தான்.

மற்ற மூவரும் பஸ் பிடித்தார்கள். தேவகிக்கு ஆத்திரமும் அழுகையும் மாறி மாறி வந்தன. தன் ஏமாளித்தனத்தை நினைத்து ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் மஹாலட்சுமியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசம் தேவகி! நொச்சித் தழை போட்டு டெய்லி ஆவி புடிச்சேன். கூடவே ஒக்காந்து போர்வைய எடுத்து மூடிவிட்டாரும்மா அந்த மனுஷன்!"

தேவகியாலும் அடக்க முடியவில்லை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், இரண்டு பெண்களும் சிரித்து ஓயட்டும் என்று காசிநாதனிடம் போனார்.

இஞ்சின் பிரித்துச் சேர்க்க இருபத்திரண்டு நாள் ஆனது. ஜெயக்குமார் தினமும் பஸ்ஸில் வந்து பட்டறையில் நின்றான். காசிநாதனும் வந்தான், இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கடைசி நாள் வீரபாகு காரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கையைத் துடைத்தார். இருவரும் பானெட்டுக்குள் குனிந்து காது கொடுத்தார்கள்.

"இந்தச் சத்தம் சரிதானாடா குமாரு?"

"சரிதான்டா. நெஜமாவே சரி."

காசிநாதன் நிமிர்ந்து வீரபாகுவைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கபா."