பக்கத்து சீட் பிரேக்

ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் அவள் ஒரே முடிவைத்தான் எடுத்தாள். புது வருடத்தில் தானே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது. ஜனவரி பாதியைத் தாண்டுவதற்குள் அது ஆறிப்போய்விடும். "அம்மா கார் ஓட்டப் போறேன்னு சொல்லியாச்சு, பழைய காலண்டரைக் கழட்டிடலாம்" என்று மகள் கேலி செய்வாள்.

இத்தனைக்கும் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டரின் மனைவி மட்டும் கல்யாணமான புதிதில் எடுத்த லைசென்ஸை நகையைப் போல பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசியைக் கண்டு மிரளுகிறவர்களிடம் "அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். அவர்கள் முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்ப்பதற்குள் பஞ்சை அழுத்தியிருப்பாள். அந்தக் கை ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் வியர்த்தது.

இந்த வருடம் விஷயம் வீட்டுக்கு வெளியே போய்விட்டது. நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுக்கும் வேலைக்கு ஆள் தேடினார்கள். கூடத்தின் சின்னக் காரைத் தானே ஓட்ட வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்பே அவள் கையைத் தூக்கிவிட்டாள். சூப்பர்வைசர் அம்மாள், சரி, புது வருடம் பிறந்ததும் ஆரம்பித்துவிடு என்றார். அன்று மாலை வீட்டில் சொன்னபோது மாஸ்டர் நல்லது என்றார், கொஞ்சம் தாமதித்து.

அதுவரை காலையில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது அவர்தான். போகிற வழியில்தான் அவர்கள் பேசுவார்கள். வீட்டில் பேச நேரம் இருந்தும் ஏனோ பேச்சு வராது. பயிற்சி ஆரம்பித்ததும் அவள் ஓட்ட, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பேச்சு நிற்கவில்லை. அவளுக்குப் பிரேக் பிரமாதமாக வருகிறது, தட்டில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பாது என்று மகளிடம் அவரே சொன்னார்.

வருடத்தின் கடைசி நாள் காலை, சிக்னலை நெருங்கும்போது அவள் மகளுடைய காலேஜ் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு விழுந்தது. பதறிக் காலைத் தூக்கினாள். அது பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்குள் கார் அலுங்காமல் நின்றுவிட்டது.

அவள் குனிந்து அவருடைய பாதத்தைப் பார்த்தாள்.

பச்சை விழுந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். "எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"எல்லாருக்கும் இப்படித்தானா?"

"மத்தவங்களுக்குக் கொஞ்ச நாள்ல காலை எடுத்துடுவேன்."

"எனக்கு மட்டும் ஏன் எடுக்கல?"

அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த காரின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "நீ கத்துக்கிட்டா, காலையில நான் யார்கூடப் பேசுறது?"

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் வந்தது நிம்மதி. எனக்கு இன்னும் வரவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டால் போதும். பழி மாஸ்டர் மேல் போய்விடும். அவரும் அதையேதான் சொன்னார். "நான் வேணா அந்தம்மாகிட்ட பேசுறேன். தப்பு என்னுதுதானே."

போனைக் கையில் எடுத்தாள். எண்ணைத் தேடினாள். இந்தக் கார் தன் காலால் நிற்கவில்லை என்பது தனக்கு எப்போதோ தெரியும் என்று அப்போது தோன்றியது. தெரிந்துகொள்ளாமல் இருந்தது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். போனைப் பைக்குள் போட்டாள்.

"காலைத் தூக்கி மேல வைங்க."

"எங்க?"

"சீட்டு மேல. சம்மணம் போட்டு உட்காருங்க."

பெரிய உடம்பு. செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு முழங்காலாக மடக்கி, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி அவர் உட்கார்ந்தார். அடுத்த சிக்னலில் அவள் மிதித்த மிதியில் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. அதற்கடுத்ததில் பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தித் திட்டினான். அன்று அவர்கள் பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

மாலையிலும் அப்படியே சம்மணத்தில்தான் திரும்பினார். வாசலில் பார்த்த மகள், "என்னப்பா, காருக்குள்ள தியானமா?" என்றாள்.

வேலை தொடங்கும் நாளன்று கூடத்தின் சின்னக் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் ஊசிப் பெட்டி, பனிக்கட்டிப் பெட்டி. பக்கத்து சீட் காலி. மாஸ்டர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். கண்ணாடியைச் சரிசெய், இறக்கத்தில் இரண்டாவது கியர் என்று ஏதாவது சொல்வார் என அவள் எதிர்பார்த்தாள். சாயந்திரம் எந்தெந்த வீட்டுக்குப் போனாய் என்று சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சாவியைத் திருப்பினாள். அவர் நகரவில்லை.

"அந்தப் பக்கம் பாருங்க" என்றாள்.

அவர் சொன்னபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்ஜின் ஒருமுறை உறுமி அணைந்தது. அவர் திரும்பவில்லை. மறுபடி உயிர் வந்தது. சத்தம் நகர்ந்து தெருமுனையை எட்டியது. அங்கே பிரேக் கிறீச்சிட்டது.

மகள் படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கால்" என்றாள்.

குனிந்து பார்த்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, கேட்டைச் சாத்தினார்.