அப்பாவுக்கு வலது பக்கம்

ஆஸ்பத்திரியில் என்ன நோய் என்று சொல்ல ஒரு வரிசை. அந்த நோய்க்கு யார் பணம் தருவார்கள் என்று சொல்ல இன்னொரு வரிசை. முதலாவது எப்படியோ நகர்ந்துவிடும். இரண்டாவதில்தான் மனிதர்களுக்கு வேர் பிடிக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்து வடிவெடுக்கும் வேலை பார்க்கிறவள் அவள். முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டு, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையும் பொறுத்துக்கொண்டு, மகளோடு அந்த இரண்டாவது வரிசையில் காத்திருந்தாள்.

மகளுக்கு வீட்டுப் பெயர் மிளகு. ஆள் பொடிசு, காரம் அதிகம் என்று அப்பா வைத்த பெயர். அந்தக் காரமெல்லாம் சமீபத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நல்ல காது அம்மாவின் பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்படி இடம் பார்ப்பது அவளுக்கு இப்போதெல்லாம் பழகிப்போய்விட்டது.

சளி என்றுதான் ஆரம்பித்தது. காது வடிந்தது, நின்றது, மறுபடி வடிந்தது. சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விட்டார்கள். கடைசியில் காது டாக்டர், செவிப்பறைக்குப் பின்னால் ஏதோ வளர்ந்து எலும்பை அரிக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார். "இனியும் ஆறப்போட முடியாதும்மா. இப்போ பாதியாவது கேட்குது. விட்டா அதுவும் போயிடும்." வரும் திங்கட்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்.

இவர்கள் முறை வந்தது. இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவருக்குக் கடும் ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அரசாங்க இன்சூரன்ஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. பாப்பா பேர்ல வேற ஒரு இன்சூரன்ஸ் இருக்காமே. அப்பா வேலை பார்க்கிற கம்பெனி போட்டது."

அவள் மடியிலிருந்த கைப்பையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அது இருக்கும்போது முதல்ல அதுதான் கொடுக்கணும். அது கொடுத்தது போக மீதிக்குத்தான் அரசாங்கம் வரும். நீங்க ஒவ்வொரு தடவையும் வேற எதுவும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"இனிமே என்ன பண்ணணும்?"

"அந்த கார்டைக் கொண்டு வாங்க. அப்பாவே அவர் கம்பெனிக்கு போன் பண்ணி, ரெண்டு இன்சூரன்ஸும் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நாளைக்குள்ள முடிஞ்சா திங்கட்கிழமை நாள் நிக்கும். இல்லைன்னா அடுத்த குழந்தைக்குப் போயிடும்."

கார்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விவாகரத்தின்போது நீதிபதி, குழந்தையை அப்பாவின் கம்பெனி இன்சூரன்ஸிலிருந்து எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவனும் எடுக்கவில்லை. புது கார்டைக் கவரில் போட்டு மிளகின் கையில் கொடுத்தனுப்பினான். கவரோடு அதைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டவள், அதன்பிறகு அந்த ஜிப்பைத் திறக்கவே இல்லை.

காரணம் இருந்தது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் மிளகு கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டாள். தையல் போட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் அவன் வேலையிடத்திலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டான். கார்டைக் காட்டியதும் அவன் போனுக்கு மெசேஜ் போயிருந்தது. எந்த டாக்டர், எதற்கு, எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த கார்டைக் காட்டினால் அவனுக்குத் தெரியாமல் ஒரு தும்மல்கூடத் தும்ம முடியாது.

கோர்ட்டில் அவன் எழுந்து நின்று, "அவளுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாது" என்று சொன்னான். எடுபடவில்லை, மிளகு அம்மாவிடம்தான் வந்தாள். ஆனாலும் குழந்தையின் நலனுக்குக் குறை வந்தால் அப்பா மறுபடி கோர்ட்டுக்கு வரலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். கோர்ட்டுகளுக்குக் கதவை முழுக்க மூடிப் பழக்கமில்லை. அந்த வரிதான் அவள் தூக்கத்தைத் தின்றது. காது வடிய ஆரம்பித்ததும் அவள் முதலில் நினைத்தது மருந்தை அல்ல, அந்த வரியை. அதற்காக அவள் வெட்கப்படத்தான் வேண்டும், வெட்கப்படவும் செய்தாள். அரசாங்க கார்டை மட்டும் காட்டி, காதும் காதும் வைத்தாற்போல் வைத்தியம் பார்த்தாள். "அப்பாகிட்ட காதைப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்று மிளகிடமும் சொல்லி வைத்தாள். அப்பாவிடம் போகும் நாட்களில் பஞ்சை எடுத்துவிட்டு அனுப்பினாள். ஆபீஸ்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது என்று நம்பித்தான் நம்மில் பலர் காலத்தை ஓட்டுகிறோம். இப்போது அவையும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன, பெற்றவர்கள்தான் பேசிக்கொள்வதில்லை. அவளுடைய ஒரு பொய்க்கு இத்தனை நாள் ஆயுள் இருந்ததே அதிகம்.

"வேற வழியே இல்லையா?" என்று கேட்டாள்.

ஜலதோஷக்காரர் மூக்கைத் துடைத்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்பா எங்க இருக்கார்னே தெரியாது, தொடர்பே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அரசாங்கமே முழுசா ஏத்துக்கும். சில பேருக்கு நிஜமாவே அப்படித்தான் இருக்கு. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

கெட்ட மனிதர் இல்லை. பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்துச் சொன்னார். காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். அவள் பேனாவை எடுத்தாள். போன சனிக்கிழமைகூட மிளகை வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனவன் அவன். இருக்கட்டும். ஒரு கையெழுத்து, திங்கட்கிழமை ஆபரேஷன், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

மிளகு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கடைக்குப் போகிறவள் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"நானும் அப்படியே சொல்லணுமாம்மா? அப்பா எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு?"

பேனா நின்றது. தன் குழந்தைக்குப் பொய் இவ்வளவு சுலபமாகிவிட்டது என்பது அவளுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டதில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அலுவலகக் கட்டடத்தில் வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே, பழுது பார்க்கப்படுகிறது என்று ஒரு பலகை. லிஃப்ட்டைக் காணோம், அது இருக்க வேண்டிய இடத்தில் இருட்டான குழி, அடியில் ஒரு விளக்கு, அந்த வெளிச்சத்தில் அவன் முதுகு.

"அப்பா" என்றாள் மிளகு.

ஏணியில் ஏறி வந்தான். கையெல்லாம் கிரீஸ். மகளைப் பார்த்துச் சிரித்தவன், பின்னால் நின்றவளைப் பார்த்ததும் சிரிப்பைச் சுருட்டி வைத்தான்.

"வாங்க. இன்னிக்கு என் முறை இல்லையே?"

அந்த 'வாங்க' அவளை ஒவ்வொரு முறையும் சுட்டது. குடித்தனம் நடத்திய காலமெல்லாம் நீ, வா, போ என்றுதான் பேசுவான். பிரிந்த பிறகுதான் இந்த மரியாதை முளைத்தது.

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. "மிளகுக்குக் காதுல ஆபரேஷன். திங்கட்கிழமை. உங்க கம்பெனி இன்சூரன்ஸ் வேணும்" என்றாள்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "எந்தக் காது?"

"வலது."

குனிந்து பஞ்சைப் பார்த்தான். கை அழுக்காக இருந்ததால் தொடவில்லை. "எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ஒரு வருஷமா?" என்றான். "எனக்கு ஒரு மெசேஜ்கூட வரலையே."

"அந்த கார்டை நான் காட்டவே இல்லை. காட்டினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னுதான்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும். அவன் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"கூட வேலை பார்க்கிறவன் அடிக்கடி கேட்பான். உன் பொண்ணு ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்லை, எதுக்கு வீணா சம்பளத்துல பிடிக்க விடறேன்னு. வீணாப் போகட்டும், அதுக்குத்தான் கட்டறேன்னு சொல்வேன். மெசேஜ் வரலைன்னா மிளகு நல்லா இருக்கான்னு அர்த்தம். அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். சந்தோஷமாவும் இருந்தேன்."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்குப் பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியாதுன்னு கோர்ட்ல சொன்னீங்க. அது உண்மையாயிடும்னு பயந்தேன்."

"வக்கீல் சொல்லச் சொன்னாரு." கையிலிருந்த துணியை மடித்தான். "அவர் சொல்லச் சொன்னாலும் சொன்னது என் வாய்தானே. ஆனா நீ என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் யாரோ இல்லை."

மரியாதை போய்விட்டிருந்தது. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தாள். கவர்கூடப் பிரிக்கப்படவில்லை. அதை அவன் பார்த்தான். அங்கேயே நின்று கம்பெனிக்கு போன் செய்தான். பாட்டு போட்டுக் காக்க வைத்தார்கள், காத்திருந்தான். பிறகு, "ஆமா, என் பொண்ணுதான். அம்மாகிட்ட இருக்கா. அரசாங்கத்தோடதும் இருக்கு. முதல்ல நம்மது, மீதி அவங்களுது. ஆமா, ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்றான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்களாம்" என்றான் போனை வைத்துவிட்டு. "திங்கட்கிழமை நானும் வரேன்."

"அப்புறம் கோர்ட்?"

"கோர்ட்டுக்குப் போகவே மாட்டேன்னு இப்ப சொல்ல எனக்கு வாய் வரலை. முதல்ல காதைப் பார்ப்போம்."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு உரிமை இருப்பதாக அவளுக்கே தோன்றவில்லை.

பஸ் நிறுத்தம் வரை வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். ஸ்பானர்கள் இருந்த பையை இடது தோளில் மாட்டினான். வலது கையைக் காலியாக வைத்துக்கொண்டான். மிளகு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பையை எப்பவும் வலது தோள்ல தானே போடுவீங்க?" என்று மிளகின் அம்மா கேட்டாள், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று.

"மாத்திக்கிட்டேன். இவளுக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும். நடந்தாலும் எனக்கு வலது பக்கம், பெஞ்சுல உட்கார்ந்தாலும் வலது பக்கம். இடது பக்கம் வரவே மாட்டா. ஏதோ செல்லம்னு நினைச்சு நானும்..."

கீழே பார்த்தான். அவன் பக்கம் மகளின் இடது காது இருந்தது. பஞ்சு அடைத்த காது அந்தப் பக்கம், தெருவைப் பார்த்து இருந்தது.

மூவரும் நடைபாதையில் நின்றார்கள். மிளகு மாட்டிக்கொண்டவள்போல் அம்மாவைப் பார்த்தாள். அவள் குனிந்து, மகளின் நல்ல காதருகே, "இனிமே அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லலாம். எதையும் மறைக்க வேண்டாம்" என்றாள்.

மிளகு யோசித்தாள். "அப்போ நான் எந்தப் பக்கம் வேணும்னாலும் நடக்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல், அப்பாவைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவன் மகளிடம் ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து, குரலைக் கூட்டி, அதையே மறுபடியும் சொன்னான்.