பைக்கு வந்த உறுப்பினர்கள்

ஏற்காட்டில் 1986-ல் 'சேர்வராயன் வானலை நண்பர்கள் கழகம்' என்று ஒன்று இருந்தது. ஹாம் ரேடியோக்காரர்களின் சங்கம். அதாவது, வீட்டிலிருந்தபடியே சொந்தக் கருவியில் முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. உறுப்பினர்கள் மூவர். தலைவர் பொன்னுவேல், பேசுவதற்கு அரசாங்க லைசென்ஸ் அவரிடம் மட்டும்தான் இருந்தது. செயலாளர் ஜேசுதாஸ். பொருளாளர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகியும் அழைப்பிதழில் தவறாமல் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கழகத்துக்கு அறை கொடுத்திருந்த எஸ்டேட் மேனேஜருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "ஜூன் முதல் ஞாயிறு கூட்டத்துக்கு நானே வர்றேன். முடியறப்போ பத்துப் புது ஆளு உக்காந்திருந்தா ரூம் உங்களுது. இல்லீன்னா டேபிள் டென்னிஸ் மேசையப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டார்.

பொன்னுவேல் அசரவில்லை. கோடை விழாவில் கடை போட்டார். இலவசமாகக் கொடுக்க ஸ்டிக்கர், காகிதத் தொப்பி, முன்னூறு பாலிதீன் பை. பையின் ஒரு பக்கம் அவர் படம். மறுபக்கம் அவருடைய ஏழு பதவிகள். ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று போட இடம் போதவில்லை.

ஸ்டிக்கரை யாரும் தொடவில்லை. பை மட்டும் ஒரே நாளில் இருநூறு போயிற்று. கொட்டச்சேட்டு கிராமத்துப் பெண்கள் ஆளுக்கு மூன்று முறை வரிசையில் வந்தார்கள்.

"பாத்தீங்களா ஜேசு? விஞ்ஞான தாகம்!" என்றார் பொன்னுவேல்.

இரண்டு நாள் கழித்து ஜேசுதாஸ் அவரைக் கொட்டச்சேட்டு நாற்றங்காலுக்கு அழைத்துப் போனார். அங்கே இருநூறு பொன்னுவேல்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பொன்னுவேலின் தலைக்கு மேலும் ஒரு காப்பி நாற்று. தண்ணீர் வடிவதற்கு மூக்கருகே ஒரு துளை.

நாற்றுக்குப் பொறுப்பான குப்பாயி ஓடி வந்தாள். "ஏனுங்க சார், பை நொம்பக் கெட்டிங்க. பழைய பையெல்லாம் கிழிஞ்சு போச்சு, நல்ல நேரத்துல குடுத்தீங்க. இன்னும் இருக்குதுங்களா?"

"அது விஞ்ஞானம் பரப்பற பைம்மா!"

"இருக்கட்டுங்க. மூஞ்சியெல்லாம் மண்ணாயிப்போச்சுன்னு வருத்தப்படாதீங்க, தண்ணி ஊத்தறப்போ கழுவி உட்டர்றோம்."

ஜேசுதாஸ் குறுக்கிட்டார். "ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்கு வாங்க. மிச்சம் நூறு பை இருக்குது."

பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். பையை வாங்கினார்கள். பொன்னுவேல் 'வானலையின் வரலாறு' என்று தொண்டையைச் செருமியதும் எழுந்துவிட்டார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜேசுதாஸ் அவசரமாகக் கருவியைப் போட்டார். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் கிடைத்தது.

"உங்கள் சிக்னல் மிகத் தெளிவு. என் சிக்னல் எப்படி?" என்று கேட்டார் பொன்னுவேல். அங்கேயும் மிகத் தெளிவாம். பதினோரு வருடமாக நாற்பது தேசங்களோடு அவர் பேசியது இவ்வளவுதான்.

வாசலைத் தாண்டப் போன குப்பாயி நின்றாள். "அவரு எந்த ஊருங்க?"

"கோட்டயம். கேரளா."

"அங்க மழை புடிச்சிருச்சுங்களான்னு கேளுங்க சார். நாத்து நடக் குழி வெட்டிப் போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டிருக்கறோம்."

"இதுல அதெல்லாம் கேக்கற வழக்கமில்லம்மா."

மேனேஜர் நாற்காலியைப் பின்னே தள்ளினார்.

"தலைவரே, கேட்டுத் தொலைங்க!" என்றார் ஜேசுதாஸ்.

பொன்னுவேல் மைக்கை வாயருகே இழுத்தார். "கோட்டயத்தில்... மழை எப்படி?"

இத்தனை நாள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல அந்தக் குரல் அரைகுறைத் தமிழில் கொட்டியது. முந்தா நாள் பிடித்த மழை விடவேயில்லை. அவன் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். காற்று கிழக்கே அடிக்கிறது.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். "நம்ம பக்கம் என்னிக்கு வருமாம்?" என்றாள் அவர்களில் ஒருத்தியான மாதம்மாள். மேனேஜரும் நாற்காலியைக் கருவிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கும் இருபது ஏக்கர் நடவு பாக்கி.

"பொன்னுவேல், வயநாட்டுல யாராச்சும் இருக்காங்களா பாருங்க" என்றார்.

ஜேசுதாஸ் புது உறுப்பினர் பட்டியலில் பதிமூன்றாவதாக மேனேஜரை எழுதினார்.

வயநாடு கிடைத்தது. பொன்னுவேல் நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்கள் சிக்னல் மிகத்..." என்று ஆரம்பித்தார்.

"அதை உடுங்க சார்," என்றாள் குப்பாயி. "மழையக் கேளுங்க."