தீக்குச்சி போதும்

முத்துச்செல்வத்தின் இடது கை விரல்கள் மடங்கிப் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நாலு விரலும் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிக் கிடக்கும். தென்காசியில் அவன் சாவி எடுத்துக் கொடுக்கிற லாட்ஜில், புதிதாக வருகிறவர்கள் அந்தக் கைக்குள் என்னமோ வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் போய்விட்டது.

போனது குற்றாலத்தில், சிநேகிதன் கைலாசத்தின் மாமா லாட்ஜில், ஓர் ஆனி மாதத்து மழையில். அருவியில் வெள்ளம் வந்து 'குளிக்கத் தடை' என்று போர்டு வைத்துவிட்டார்கள். வந்த கூட்டமெல்லாம் மூட்டையைக் கட்டிவிட்டது. காலி அறை கிடைத்ததும் சிநேகிதர்கள் மூன்று பேரும் சொந்தமாகப் பாடிக் கேசட் போட உட்கார்ந்துவிட்டார்கள். கைலாசம் பாட்டு, முத்துச்செல்வம் கிதார், செந்தில்வேல் பிளாஸ்டிக் பீப்பாயில் கம்பால் அடி. ராக் இசை என்று ஒன்று இருப்பதைத் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஏதோ தேய்ந்த கேசட்டில் கேட்டதோடு சரி. சுருதி தெரியாது, தெரியாததற்கு வெட்கமும் கிடையாது. வேலை இல்லாத கோபம், வீட்டில் வாங்கிய ஏச்சு எல்லாவற்றையும் ஒரு டேப் ரிக்கார்டருக்கு முன்னால் போட்டு உடைத்தார்கள். கேசட்டுக்குப் பெயரையும் அந்தப் போர்டிலிருந்தே எடுத்தார்கள்: 'குளிக்கத் தடை'.

மைக் லாட்ஜிலேயே கிடந்தது. கிதாருக்கு ஆம்ப்ளிஃபையர், ஆய்க்குடி மைக்செட் இத்ரீஸிடம் வாடகைக்கு எடுத்தது. அதன் பிளக் உடைந்திருந்தது. சாயங்காலம் வேறு பிளக் கொண்டுவருகிறேன், அதுவரை தொடாதீர்கள், சுவரெல்லாம் ஈரம் என்று இத்ரீஸ் தலைபாடாக அடித்துக்கொண்டு போனார். முத்துச்செல்வமும் பொறுப்போம் என்றான். கைலாசத்துக்குப் பொறுக்கவில்லை. வயர் நுனியைப் பல்லால் கடித்து உரித்து, சுவர் ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியைச் சொருகி இறுக்கினான். எர்த் வயர் வெறுமனே தொங்கியது.

"தீக்குச்சி போதும்லே. வாசி," என்றான்.

ஆறாவது பாட்டில் முத்துச்செல்வம் கிதார்க் கம்பியை அழுத்திப் பிடித்தபடி கூடப் பாட மைக்கில் வாயை வைத்தான். பிடித்தது கரண்டு. அலறினான். கையை எடுக்க முடியவில்லை. கைலாசம் அவனைப் பார்த்தான், டேப் ஓடுகிறதா என்று பார்த்தான், "அப்படித்தாம்லே!" என்று சிரித்துவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தான். செந்தில்வேல்தான் ஓடிவந்து வயரைக் காலால் உதைத்துப் பிடுங்கினான். பாட்டு அங்கேயே அறுந்தது.

மறுமாதம் முத்துச்செல்வத்துக்குப் போலீஸ் செலக்‌ஷன். தாத்தா ஏட்டு, அப்பா ஏட்டு, சித்தப்பா பட்டாளம். காக்கித் துணிகூட எடுத்து வைத்திருந்த வீடு. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா கேட்டபோது கைலாசம் வாய் கூசாமல் சொன்னான்: குடித்திருந்தான், நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் வயரைத் தொட்டுவிட்டான் என்று. மாமா லாட்ஜின் பெயர் கெட்டுவிடக் கூடாதாம். முத்துச்செல்வம் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செந்தில்வேல் சொன்னதைக் கூட்டாளிக்குப் பரிந்து பேசுகிறான் என்று தள்ளிவிட்டார்கள். செலக்‌ஷனுக்குப் பயந்து குடித்துக் கையைப் பொசுக்கிக்கொண்ட பயல் என்றே அப்பா சாகிறவரை சொன்னார். இன்ஸ்பெக்டராகிவிட்ட தம்பி தளவாயும் அதைத்தான் நம்புகிறான். செந்தில்வேல் திருப்பூரில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, உண்மையைச் சொல்லக் கைலாசத்தின் வாய் ஒன்றுதான் மிச்சம்.

அந்த வாய் சென்னைக்குப் போய் விளம்பரக் கம்பெனியில் பெரிய ஆளானது. போன வருஷம் யாரோ கேசட்டை இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். பிடித்தது சனியன். தமிழில் பங்க் ராக் என்ற பேச்சே இல்லாத காலத்தில் வந்த பங்க் ராக் என்று எழுதினார்கள். அன்றைக்கு ஊரே காறித் துப்பிய தாறுமாறுதான் இப்போது அதன் அழகாம். ஆறாவது பாட்டின் அலறல் ஒரு தலைமுறையின் கோபமாம். பாட்டு சட்டென்று அறுவது மேதைமையாம். 'அப்படித்தாம்லே' என்று பனியன் அடித்து விற்றார்கள். முத்துச்செல்வம் ரிசப்ஷனில் உட்கார்ந்து தன் அலறலைப் போனில் ஒரே ஒருதரம் கேட்டான். பாதியில் அணைத்துவிட்டான்.

இப்போது அதை இசைத்தட்டாகப் போடுகிறார்கள். விழா குற்றாலத்திலேயே, ஐந்தருவி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். கைலாசம் போனில் கூப்பிட்டான். முத்துச்செல்வம் துட்டுக் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"மேடையில வச்சு நடந்ததச் சொல்லு. தீக்குச்சியச் சொல்லு. என் தம்பியக் கூட்டிட்டு வாரேன். அவன் காது கேக்கச் சொல்லணும்."

"சொல்லுதேம்லே. நான் சொல்லாம யாரு சொல்லுவா?" என்றான் கைலாசம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை போனது. அந்தக் கண்றாவிக்கு நான் எதற்கு என்று தளவாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்துச்செல்வம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வாசுதேவநல்லூரிலிருந்து வரவழைத்து, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

மண்டபம் நிறைய சென்னை, பெங்களூர், கொச்சிப் பிள்ளைகள். எல்லோருக்கும் கறுப்புப் பனியன். கைலாசம் நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டியிருந்தான். 'லே' எல்லாம் பனியனோடு சரி. மேடையில் சென்னைத் தமிழும் இங்கிலீஷும்தான். மாமா லாட்ஜைச் சொன்னான், மழையைச் சொன்னான், செந்தில்வேலுக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னான். ஆறாவது பாட்டுக்கு வந்தான். முத்துச்செல்வம் தம்பியின் தொடையைத் தட்டி, இப்ப கேளு என்றான்.

"அந்த ஸ்க்ரீமை நாங்க பிளான் பண்ணவே இல்ல," என்றான் கைலாசம். "முத்துவுக்கு உள்ளேருந்து வந்துச்சு. அப்படியே கரண்ட் மாதிரி."

மாதிரியா? அடப்பாவி, மாதிரியா? முத்துச்செல்வம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். அடுத்த வார்த்தை தீக்குச்சியாக இருக்கும் என்று அப்போதும் காத்திருந்தான். அடுத்த வார்த்தை ஸ்பான்சருக்கு நன்றி. பிறகு கைலாசம் அவனை மேடைக்குக் கூப்பிட்டான், அந்த அலறலை இன்னொருதரம் அலறிக் காட்டச் சொல்லி.

ஏறினான். மைக்கை நீட்டினார்கள். வாய்ப்பக்கம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் போனது; கூட்டம் அதையும் ரசித்தது. கைலாசத்தின் முகத்தைப் பார்த்தான். கைலாசம் அவன் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் மறக்கவில்லை அவன், தெரிந்தேதான் செய்கிறான்.

"அது பாட்டு இல்ல," என்றான் முத்துச்செல்வம். "எனக்குக் கரண்டு அடிச்சுது. இவந்தான் தீக்குச்சி சொருகினான். நான் குடிக்கல."

பாட்டு இல்லை, கரண்டு என்றானே, அதற்குமேல் என்ன வேண்டும் அந்தப் பிள்ளைகளுக்கு. முதல் வார்த்தையிலேயே விசில் கிளம்பிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி "கரண்டு, கரண்டு" என்று தொடங்க, மொத்த மண்டபமும் பிடித்துக்கொண்டது. தீக்குச்சியும் குடிக்காததும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயின. வாய் எடுபடவில்லை என்றதும் முத்துச்செல்வம் சட்டையை முழங்கை வரை ஏற்றி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். இதையாவது பாருங்கள், இது விரியாது.

பார்த்தார்கள். ஒருவன் தன் முஷ்டியை உயர்த்தினான். பிறகு பத்துப் பேர், பிறகு மண்டபம் முழுக்க முஷ்டிகள். முத்துச்செல்வம் முன்வரிசையில் தம்பியைத் தேடினான். தளவாய் எழுந்து நின்றிருந்தான். அண்ணனைப் பார்த்து இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மலராத முகம் மலர்ந்து கிடந்தது. அவன் முஷ்டியும் மேலேதான் இருந்தது.

"அப்படித்தாம்லே!" என்றான் கைலாசம் மைக்கில், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்போடு.

எல்லோரும் கையை இறக்கினார்கள். விரல்களை விரித்து, கை தட்டினார்கள்.